கண்ணால் கேட்டவர்

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்குத் தொழிலாளர்களின் காதைச் சோதிப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். என்னை ஏமாற்ற முடியாதென்ற நினைப்பு உண்டு.

அன்று கடைசியாக வந்தவர் நரைத்த மீசை வைத்த ஃபோர்க்லிப்ட் ஓட்டுநர். ஷிப்ட் முடித்த களைப்போடு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, வெளியே மேசையிலிருந்து நான் எழுப்பிய ஒலி ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்தினார். சந்தேகப்பட்டு, ஒலி எழுப்பாமல் கையை மட்டும் அசைத்தேன். அதற்கும் அழுத்தினார்.

உள்ளே போய்க் கேட்டேன். "அங்கிள், என் கையப் பாத்தா அழுத்துறீங்க?"

என் உதட்டைப் பார்த்தபடி சிரித்தார். "காது ஓஞ்சிருச்சும்மா. கண்ணுதான் ஓவர்டைம் பாக்குது. ஃபெயில் போட்டா வண்டிய வாங்கிருவாங்க லா."

வெளியே வந்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மறுபடி ஒலி எழுப்பினேன். அவர் அழுத்தினால் என் மேசையில் எரியும் விளக்கு எரியவே இல்லை. திரும்பினேன். கண்களை மூடி, கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக் காத்திருந்தார். நன்றாகக் கேட்பவர்கள்கூட அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.