அண்ணன் காட்டாத கை

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மன்னித்துப் படிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

இது ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் ஒரு சின்னப் பட்டறையில், இரும்பில் துளை போடும் மெஷினில் வேலை செய்கிறேன். முதலாளியின் வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் டிவி இருந்த ஒரே வீடு அதுதான். பட்டணத்திலிருந்து படம் வர வேண்டும் என்று வீட்டைவிட உயரமாக ஏரியல் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பட்டறை ஆட்களும் அக்கம்பக்கத்தவர்களும் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்போம்.

அம்மா ஒரு நாளும் வந்ததில்லை. அன்றைக்கு ஜெயிலைப் பற்றிய நாடகம் என்று யாரோ சொல்லக் கேட்டுப் புறப்பட்டுவிட்டாள். நான் வேண்டாம் என்றேன்.

"அவன் கீற எடம் எப்டி கீதுன்னு நான் பாக்க வாணாமா?" என்றாள்.

அவன் என்றது என் அண்ணனை. திருப்பாச்சூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வயலுக்குத் தண்ணீர் திருப்புவதில் சண்டை வந்து, அண்ணன் மண்வெட்டியால் அடித்ததில் பக்கத்து நிலத்துக்காரர் செத்துப்போனார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அண்ணன் செய்தது சரி என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆயுள் தண்டனை ஆனது. அதற்குப் பிறகு அந்த ஊரில் எங்களால் இருக்க முடியவில்லை. காக்களூரில் இந்த விஷயம் யாருக்கும் தெரியாது. மூத்தவன் பம்பாயில் இருக்கிறான் என்றுதான் சொல்லியிருந்தோம்.

ஜன்னல் பக்கத்தில் அம்மாவைப் பார்த்ததும் என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் சிரித்தார். "இன்னா ஆயா, சாமி படம்னு நெனச்சிக்கினு வந்துட்டியா? இது ஜெயில் நாடகம்." ஆனாலும் நகர்ந்து முன்னால் இடம் விட்டார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாடகம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. புதிதாக வந்த கைதி ஒருவனைப் பழைய கைதிகள் சேர்ந்து படுத்தும் பாடுதான் கதை. ஒரு இடத்தில் அவன் கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார்கள். அவன் அலறினான்.

"கொல பண்ணவனுக்கு இன்னா, பிரியாணியா போடுவாங்க? நல்லா போடு!" என்றார் அம்மாவுக்கு இடம் விட்டவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு என்ன தெரியும்? நான் அம்மாவைப் பார்க்கப் பயந்துகொண்டு தரையைப் பார்த்தேன்.

அடுத்த காட்சியில் அந்தக் கைதியைப் பார்க்க அவன் மனைவி வருகிறாள். அவன் அடிபட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறான். அவளும் நம்பிக்கொண்டு போகிறாள்.

அம்மா அழவில்லை. வீட்டுக்கு நடந்துவரும்போது பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"நம்ம பையன் சோத்துக் கைய காட்டவே இல்லடா. மூணு தடவயா காட்டல."

அண்ணன் எங்கள் முன்னால் வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். ஜெயிலில் பழக்கிவிட்ட பணிவு என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்து மனு கொடுத்துப் பார்க்கிற நாளில் முதல் ரயிலில் போனோம். எந்த ஊர் ஜெயில் என்று எழுத விரும்பவில்லை. இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பி வலை, நடுவில் ஒரு நடை, அந்தப் பக்கம் இன்னொரு வலை. எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் கத்திப் பேச வேண்டும். அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து நின்றார்.

"ரெண்டு கையும் காட்டுடா" என்றாள் அம்மா.

"எதுக்கு, ஜோசியம் பாக்கப் போறியா?" என்று இடது கையைக் காட்டினார்.

"அந்தக் கை."

"தம்பி, வேலயெல்லாம் எப்டி போவுது?" என்று என் பக்கம் திரும்பினார்.

"டேய், அந்தக் கைய காட்டு. காட்டாம நான் போவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுவர் மறைத்ததால் அண்ணனுக்கு அவள் தெரியவில்லை. நேரம் ஆகிறது, பேசி முடியுங்கள் என்று காவலர் குரல் கொடுத்தார். அண்ணன் வலையில் முகத்தை அழுத்தி எட்டி எட்டிப் பார்த்தார்.

"அம்மா, எந்திரிம்மா. காட்டறேன், எந்திரி."

அம்மா எழுந்தாள். அண்ணன் வலது கையைத் தூக்கினார். மூன்று விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டில் நகம் இல்லை.

"தறில மாட்டிக்கிச்சும்மா. இப்ப வலிக்கல."

ஜெயிலில் அவருக்கு நெசவு வேலை. தறியா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவும் கேட்கவில்லை. காவலர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக ஒன்றுதான் சொன்னாள்: "இனிமே நான் வந்தா மொதல்ல ரெண்டு கையும் காட்டு. அப்பால பேசு."

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக நீட்டியும் மடக்கியும் பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவன் நான். எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கையை இழுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அண்ணன் வந்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். புதிதாகக் காயம் எதுவும் இல்லை.

போன ஐப்பசி மழையில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். சாவுக்கு அண்ணனை அனுப்பவில்லை, சேதியையே அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் தனியாகப் போனேன். அவர் வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

அடுத்த தடவை போனபோது, பழையபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நான் நல்லாத்தான் கீறேன், நீ ஊட்டப் பாரு" என்றார். கேட்க வேண்டும் என்று தெரிகிறது, பட்டறைக் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் அவ்வளவு பேர், காவலர் வேறு. நேரம் முடிகிற மாதிரி ஆனபோதுதான் எனக்குக் குரல் வந்தது. நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது.

"அண்ணா, கைய காட்டு!"

பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். காவலரும் பார்த்தார்.

"நீயுமாடா?" என்றார் அண்ணன். இரண்டு கையையும் தூக்கி, நான் சொல்லாமலேயே திருப்பித் திருப்பிக் காட்டினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இரண்டு வலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

அண்ணன் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். நான் இப்போதும் கூச்சக்காரன்தான். ஆனால் வெளியே ஒருத்தன் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிகிறவரைக்கும்தான் என் அண்ணன் பத்திரமாக இருப்பார் என்று நினைக்கிறேன். அதனால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தாலும் கேட்காமல் வருவதில்லை.

1979, தை மாதம் மூன்றாம் நாள்.