எனக்கும் அது பாடம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம். அழகான கையெழுத்து. போன வருடம் இதே பத்தியில் நான் சொன்ன யோசனையை அப்படியே பின்பற்றினாராம். இப்போது அவருடைய மகனுக்குப் பூமிசாஸ்திரப் புத்தகம் முழுவதும் பாடமாம். எந்தப் பக்கத்தை விரித்துக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் சொல்கிறானாம். அடுத்த வருடம் பள்ளிப் படிப்பை முடிக்கிற சீனியர் பரீட்சை எழுதப் போகிறான். 'தங்களுக்குக் குடும்பத்தோடு நன்றி சொல்கிறோம்' என்று முடித்திருக்கிறார்.

வேறு சமயமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கந்தோரில் கூட வேலை செய்கிற நாலு பேருக்குக் காட்டியிருப்பேன். இந்த முறை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் அந்த லாச்சியைத் திறக்கவே மனம் வரவில்லை.

ஏன் தெரியுமா? நான் சொன்ன யோசனை தவறு. அதை இங்கே, சொன்ன இடத்திலேயே, சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் என்ன எழுதினேன்? சிலர் வெட்டி எடுத்து வைத்திருப்பீர்கள். பிள்ளை புத்தகத்தைச் சத்தம் போட்டுப் பாடமாக்க வேண்டும். தகப்பன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்க வேண்டும். முக்கியமான வரிகளுக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட வேண்டும்... இப்படியெல்லாம் எழுதினேன். எங்கள் வீட்டில் அப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது. என் மூத்த மகள் திலகம் முதல் தடவை சீனியருக்குப் படித்த காலம் அது.

எனக்கு அந்த முறையில் அப்படி ஒரு நம்பிக்கை. நானும் அப்படித்தானே தேறினேன்! இளவயதில் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, குமாஸ்தா வேலைக்கான கிளறிக்கல் சோதனைக்குப் புத்தகம் புத்தகமாக விழுங்கினேன். துறைமுகத்துக் கப்பல்கள் ஊதும்போது மட்டும் நிறுத்துவேன். தேறினேன். உத்தியோகம் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகங்களில் என்ன இருந்தது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. துரை என்னிடம் கேட்டதெல்லாம் ஃபைல் எங்கே என்பதுதான்.

திலகத்தின் கதை வேறு. அவளுக்கு டாக்டராக வேண்டும். சின்ன வயதிலிருந்து அதே பேச்சு. பொரளைப் பக்கம் பஸ்ஸில் போனால் ஆஸ்பத்திரி வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். சீனியரில் நன்றாகத் தேறினால் படிக்க வைப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். என் மனைவியின் தமையன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு மாப்பிள்ளையின் சாதகத்தை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நான் தள்ளிப் போட்டேன். அவ்வளவும் அந்த ஒரு பரீட்சையை நம்பித்தான்.

ஆகவே படிப்பு நடந்தது. வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டிய ஒழுங்கையில் எங்கள் வீடு. காலை ஐந்து மணிக்கு விறாந்தையில் தொடங்குவாள். அந்தத் தொங்கலிலிருந்து இந்தத் தொங்கல் வரை நடை. நடந்துகொண்டே இங்கிலீஷில் ஒப்புவிப்பாள். நான் சாய்மனைக் கதிரையில் புத்தகத்தோடு இருப்பேன். ஒரு சொல் விட்டால் போதும், விரலால் கதிரைக் கையில் தட்டுவேன். அவள் மறுபடி முதலாம் வரியிலிருந்து தொடங்குவாள். கடற்கரை ரயில்பாதையில் கோச்சி போகும்போது சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அதனால் நிற்பாள். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

சிவப்புப் பென்சிலும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எது முக்கியம் என்று தெரிந்தால்தானே ஒரு வரிக்குக் கோடு போடலாம்? முதலில் நாலைந்து வரிக்குப் போட்டாள். பிறகு எதை விடுவது என்று பயம். கடைசியில் பக்கம் முழுவதும் சிவப்பு. நான் அதைப் பார்த்து, எவ்வளவு படித்திருக்கிறாள் என்று பூரித்துப் போனேன்.

முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். எப்போதும் ஒரே கேள்வி.

"பாடமோ, பிள்ளை?"

"ஓம் ஐயா, பாடம்."

அவ்வளவுதான். நானும் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகக் கோச்சி ஏறிக் கந்தோருக்குப் புறப்படுவேன்.

சில நாள் அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாய் அசையாமல், எங்கேயோ பார்த்தபடி இருப்பாள். எனக்குப் பொறுக்காது. "என்ன யோசிச்சுக்கொண்டிருக்கிறாய்? படி!" என்று அதட்டுவேன். இந்த வசனத்தை இப்போது எழுதிப் பார்க்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. யோசிக்காதே, படி... வேறு என்ன அர்த்தம் அதற்கு? உங்கள் வீட்டில் இதைச் சொன்னதில்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பரீட்சை வந்தது. விஞ்ஞானப் பேப்பர் எழுதிவிட்டு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. அடுக்களை வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்:

"ஒரு கேள்வி, ஐயா. காத்தடிச்சால் ஈர உடுப்பு ஏன் கெதியாக் காயுது எண்டு கேட்டிருந்தவை."

"அது நீராவியாகிற பாடமெல்லே? உனக்கு நல்ல பாடம்!"

"ஓம். அதாலை முழுப்பாடத்தையும் எழுதினனான். முதல் வரியிலை இருந்து மூண்டு பக்கம். விடை அதுக்குள்ளை இருக்குது, ஐயா. எந்த வரி எண்டுதான் எனக்குத் தெரியேல்லை."

அதை எழுதியே நேரம் போய்விட்டதாம். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவில்லை. நான் ஆறுதல் சொன்னேன். பேப்பர் கப்பலேறிச் சீமைக்குப் போகிறது, அங்கே திருத்துகிற துரை மூன்று பக்கத்தையும் பார்த்து நல்ல புள்ளி போடுவார் என்றேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை, பாருங்கள்!

மாதங்கள் கழித்துப் பெறுபேறு வந்தது. பட்டியலில் அவளுடைய நம்பர் இல்லை. அவள் அழவில்லை. நடந்து நடந்து படித்த அந்த விறாந்தைக்கு மட்டும் பிறகு வரவேயில்லை. மனைவியின் தமையன் நேரில் வந்து, இன்னும் ஒரே ஒரு தடவைதான், அதற்குப் பிறகு கலியாணப் பேச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன். சிவப்புப் பென்சில் தேய்ந்துவிட்டதால் புதிது ஒன்று வாங்கி வந்தேன்.

இனிமேல்தான் சுபைதா வருகிறாள்.

பக்கத்து வீட்டுப் பெண். திலகத்தைவிட ஆறேழு வயது மூத்தவள். புருஷனுக்குப் புறக்கோட்டையில் கடை. கைக்குழந்தைக்காரி. திலகம் அவளை ராத்தா என்று கூப்பிடுவாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். இரண்டு வீட்டு உடுப்புக் கொடிகளுக்கும் நடுவில் ஒரு தாழ்ந்த மதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு கதைக்கிறார்கள். நான் யன்னலோரம் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

"இந்த முறை ஏன் புள்ள பாஸாகல்ல? அவ்வளவு படிச்சீங்களே!" என்கிறாள் சுபைதா.

திலகம் அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னாள். காற்றும் ஈர உடுப்பும். 'இவாபரேஷன்' பாடத்தில் வருவது என்றாள்.

"இதுவா கேட்டாங்க?" சுபைதா சிரித்தாள். "உங்களுக்கு அது தெரியுமே. நீங்க காலையில சொல்லுவீங்களே. எனக்கும் அது பாடம்!"

சொல்லிவிட்டு, கையில் பிழிந்த சீலையோடு நிமிர்ந்து நின்று தொடங்கினாள். "இவாபரேஷன் இஸ் த சேஞ்ச் ஒஃப் எ லிக்விட் இன்டு வேப்பர்..." ஒரு வரி, இரண்டு வரி, மூன்று வரி. பிறகு நிறுத்தினாள். "இதில கோச்சி போகும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து நாலாவது வரியையும் சொன்னாள்.

சுபைதாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் குழந்தையை ஆட்டிக்கொண்டே கேட்டது, அவ்வளவுதான். திலகம் அவளோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கினாள். நடுவில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் பேப்பரைக் கீழே வைத்தேன்.

என் மகள் ஒரு வருடம் கற்றதும், பக்கத்து வீட்டில் குழந்தை ஆட்டியவளுக்குத் தானாக வந்ததும் ஒன்றேதான். அப்படியென்றால் நான் என் பிள்ளைக்கு என்ன செய்தேன்? யாழ்ப்பாணத்துச் சாதகங்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன.

சுபைதாவோ ஒன்றும் அறியாமல் அடுத்ததைக் கேட்டாள்.

"அது சரி, ஏன் புள்ள காயுது?"

திலகம் யன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் யாரைப் பார்ப்பது? எனக்கும் தெரியாது. பாடமாக்கித் தேறியவன் நான்.

அன்று பின்னேரம் அவள் புத்தகத்தோடு கிணற்றடியில் போய் இருந்தாள். சத்தம் இல்லை. என் நாக்கு நுனிவரை அந்த வழக்கமான அதட்டல் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் மதிலடியில் நின்று சுபைதாவிடம் தமிழில் சொன்னாள்.

"ராத்தா, ஈரச் சீலையைத் தொட்டுக்கொண்டு நிக்கிற காத்து தண்ணியை எடுக்கும். எடுத்து எடுத்து அதுக்கு வயிறு நிறைஞ்சு போகும். பிறகு மெல்ல மெல்லத்தான் எடுக்கும். காத்தடிச்சால் அது போய், பசியோடை வேறை காத்து வரும்."

"அப்ப ஏன் மழை நாளையில கடல் காத்து இப்பிடி அடிச்சும் காயுதில்ல?"

இது புத்தகத்தில் அப்படியே இல்லை. திலகம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மதிலை நோக்கி ஓடினாள். "ராத்தா! வாற காத்துக்கே வயிறு நிறைஞ்சிருக்குது!"

அவள் அப்படி ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பாடமும் மதிலடிக்குப் போகும். இங்கிலீஷில் வாசித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். சுபைதா விடமாட்டாள். 'அப்ப ஏன்?' என்பாள். 'எனக்கு வெளங்கல்ல, இன்னொருக்காச் சொல்லுங்க' என்பாள். சொல்ல முடியாமல் போகிற இடத்தில்தான் தனக்கும் விளங்கவில்லை என்று திலகத்துக்குத் தெரியும். உடனே புத்தகத்துக்கு ஓடுவாள். ஒருநாள் என் கையிலிருந்த புத்தகத்தை மெல்ல எடுத்துக்கொண்டு, "நீங்கள் தட்ட வேண்டாம், ஐயா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கொஞ்சம் வலித்தது.

நம் வழக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிப்பதும் பாடம். மனத்தில் அப்படியே ஏற்றிக்கொள்வதும் பாடம். ஒரே சொல் இரண்டுக்கும் இருப்பதால், இரண்டாவது வந்துவிட்டால் முதலாவதும் வந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. பாடமாக்கினால் சத்தம் கேட்கும். வீடு முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். தகப்பனுக்குப் பெருமை. விளங்கிக்கொள்வதற்குச் சத்தமே இல்லை. அது சும்மா இருப்பது போலத் தெரிகிறது. அதனால் எத்தனை பிள்ளைகளை, சரியாக விளங்கப் போகிற நேரம் பார்த்து நாம் அதட்டி எழுப்பியிருக்கிறோமோ!

கொட்டாஞ்சேனை நண்பரே, உங்கள் மகனிடம் இன்றைக்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தமிழில், ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் அவனைக் கோபிக்காதீர்கள். குற்றம் என்னுடையது. இன்னும் ஒரு வருடம் இருக்கிறது உங்களுக்கு. என் மகளின் ஒரு வருடம் போய்விட்டது. அதை நான் எந்தப் பத்தி எழுதித் திருப்பிக் கொடுப்பது?

திலகம் இந்தத் திங்கட்கிழமை இரண்டாம் தடவை விஞ்ஞானப் பேப்பர் எழுதினாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் மற்றப் பிள்ளைகள் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சும்மா நின்றாள். பழக்கதோஷம்... வாய் தவறிவிட்டது.

"எல்லாம் பாடமோ, பிள்ளை?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்லை, ஐயா." மணி அடித்த பிறகு சொன்னாள்: "பாடமில்லை. விளங்கினது."

உள்ளே போய்விட்டாள். பேப்பர் இனிக் கப்பலேற வேண்டும். பெறுபேறு வர மாதங்கள் செல்லும். தேறுவாளோ, சாதகக் கட்டுத்தான் அவிழுமோ, எனக்குத் தெரியாது.

ஆனால் வாசலில் அவள் சொன்ன அந்த ஒரு வரி... அது எனக்குப் பாடம்.