அப்பா கடைசியாக ஏறிய கார்

எங்கள் அன்புத் தந்தையார் எலப்புள்ளியில் உழவர் குடும்பத்தின் தலைமகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தம்பியைப் படிக்க வைத்து, நெல்வயலோடு மல்லுக்கட்டியே ஆயுளைக் கழித்தார். தமக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் பழைய வெள்ளை அம்பாசடர்.

அதுவும் அவருக்கு மட்டுமாக இருந்ததில்லை. ஊரில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். ஆஸ்பத்திரியில் கைவிட்டவர்களை அவசரமாக வீடு சேர்த்ததும் அந்தக் கார்தான். வெளியில் உயிர் பிரிந்தால் உடலை வீட்டுக்குள் எடுக்காமல் வாசலிலேயே கிடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம்.

என் தம்பி புதுக்கார் வாங்கியபோது அப்பா ஒருமுறை ஏறிச் சுற்றி வந்தார். குளிர்ச்சி, வேகம், சத்தமில்லாத ஓட்டம் எல்லாவற்றையும் மெச்சினார். "எல்லாஞ் சரி சாமி, ஆளுக்கொரு குழியாட்டம் சீட்டு வெச்சிருக்கறானுங்க. ஒடம்பு முடியாதவன் எங்க படுக்கறது?" என்று சிரித்தார்.

சென்ற ஆண்டு, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று கோவை மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தம்பி புதுக்காரோடு நின்றான். சித்தப்பா அம்பாசடரை ஓட்டி வந்திருந்தார்.

"இதுல வெரசாப் போயிரலாமுங்கப்பா," என்று தம்பி கெஞ்சினான்.

"அதுல உக்காரோணும். எனக்குப் படுக்கோணும் சாமி," என்றார் அப்பா.

பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்தார். சித்தப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். நானும் தம்பியும் புதுக்காரில் பின்னால் வந்தோம். வீட்டு வாசலில் கதவைத் திறந்ததும் அம்மா, "தூங்கறாருங்க, அலுங்காம உள்ள எடுங்க," என்றார். கட்டிலில் கிடத்திய பிறகுதான் அழுதார்.

பாதி வழியில், வாளையாறு தாண்டியதுமே அப்பா போய்விட்டார் என்பதைக் காரியமெல்லாம் முடிந்த பின்பே அம்மா எங்களிடம் சொன்னார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். புதுக்காரில் வந்திருந்தால் உயிரோடு வீடு சேர்ந்திருப்பார் என்று தம்பி இன்றும் குமுறுகிறான். "எம்மடி கெடச்சிருக்காது கண்ணு," என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

துக்கத்தில் உடன் நின்ற உறவினர், அயலார், பந்தலிட்டவர்கள், உலை வைத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் வணக்கம். அன்று அப்பாவைக் காரிலிருந்து உள்ளே தூக்கி வந்தவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். ஜில்லிட்டுப்போன கைகளைப் பிடித்தவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதற்கு நன்றி.