ஏழாம் மேசையில் ஒரு இலை

நான் பி.ஏ. வரலாறு சேர்ந்த வருஷம்தான் எங்கள் கல்லூரியில் அந்தச் சட்டம் வந்தது. எந்த மேஜர் எடுத்தாலும் வேறு துறையில் ஒரு தாள் எழுதித் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. எனக்குத் தாவரவியல் வாய்த்தது.

திராட்சைப் பந்தலில் கொடி கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன்.

"ஏலே, ராசாக்களப் பத்திப் படிக்கத்தான போன? செடிகொடி படிக்க இங்கன எடமில்லயாக்கும்?"

"எல்லாரும் எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு சொல்றாகப்பா."

"அப்ப நீதான்டா மொத மார்க்கு. பந்தலுக்கடியிலயே வளந்தவன்."

அந்தத் தைரியத்தில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. முதல் தடவை கோட்டைவிட்டேன். கடைசி வருஷம் மறுபடி எழுதினேன். எழுத்துத் தேர்வு எப்படியோ கரையேறியது. மிச்சம் செய்முறை. பத்து மேசை, பத்துத் தட்டு. தட்டில் இருப்பதன் பெயரை எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேசை. ஐந்து சரியானால் பட்டம்.

ஆறு மேசை முடிந்தபோது நான்கு சரி. எட்டிலிருந்து பத்துவரை குப்பிகளில் பாசி. அந்தப் பக்கம் எனக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை. ஏழுதான் கதி.

ஏழில் ஒற்றை இலை. கரும்பச்சை, ஓரமெல்லாம் பல். எங்கேயோ பார்த்த முகம், ஊர்தான் பிடிபடவில்லை. பூசணி என்று எழுதி அடித்தேன். பருத்தி என்று எழுதி அடித்தேன். ஆறாம் மேசையில் நின்ற வகுப்புத் தோழன் கிசுகிசுத்தான்: "மாப்ள, ரொம்ப முறைக்காத. இலை வாடுது."

வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று இலையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினேன். சன்னல் வெயில் பட்டதும் நரம்புகள் ஐந்து விரலாக விரிந்தன. அடப்பாவி, நம்ம திராட்சை! இருபது வருஷமாக அண்ணாந்து அதன் அடிவயிற்றையே பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"என்னப்பா, தீபாராதனையா? கீழ வை" என்றார் பேராசிரியர். எழுதி முடிக்கவும் மணி அடித்தது.

சரியாக ஐந்து. தேறிவிட்டேன்.

"என்னடா கேட்டாக?" என்றார் அப்பா.

"திராட்சை இலைப்பா."

"பாத்ததும் சொல்லிருப்பியே!"

"பின்ன?"

அன்று சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, பந்தலுக்கு மேலே தலையை நீட்டி நின்றேன்.

"ஏலே, அங்கன என்னடா வேல?"

"அணில் வருதான்னு பாக்குறேன்ப்பா."