"கெ" போட்ட பன்னிரண்டு குப்பிகள்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாயருகே பிடித்து ஊதுவாள். உடனே துடைக்க மாட்டாள். படிந்த ஆவி எந்த ஓரத்திலிருந்து மறைகிறது என்று பார்த்த பிறகுதான் துணியை எடுப்பாள். இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்க்கிற கணவர், "இன்னைக்கு என்ன சேதி சொல்லுது?" என்று வம்புக்கு இழுப்பார்.

அவள் பொருளறிவியல் படித்தவள். முதல் ஒன்பது வருடம் ஜன்னல் கண்ணாடிக்குப் பூச்சு போடும் ஆலையில் வேலை. பிறகு ஆராய்ச்சிக்கூடம். அங்கே ஆறு வருடமாக ஒரே பிடிவாதம்: பால் கெடத் தொடங்கும்போது எழும் ஆவியை, மனிதர் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே ஒரு தகடு கண்டுகொள்ள வேண்டும். நகத்தளவு தகடு. அதன்மேல் உலோக ஆக்சைடு படலம். அந்தப் படலம் விரிசல் விட்டது, உரிந்தது, மழை நாளில் தண்ணீரைக்கூடக் கெட்டது என்றது. ஒவ்வொன்றாகச் சரிக்கட்டினாள்.

வெள்ளிக்கிழமை நிபுணர் குழு வருகிறது. முடிவுகள் தேறாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா.

புதன்கிழமை கடைசிச் சோதனை. மூடிய குப்பிகள் அறுபது. நல்ல பாலுக்கு "ந", கெட்டதற்கு "கெ" என்று சீட்டு. நல்ல பாலை ஸ்டோர்க்காரரும் கெட்டதை உதவியாளரும் நிரப்பிச் சீட்டு ஒட்டினார்கள். தகடு நாற்பத்தெட்டைச் சரியாகச் சொன்னது. "கெ" போட்டவற்றில் பன்னிரண்டை மட்டும் நல்ல பால் என்று சாதித்தது. மூன்று தடவை வைத்துப் பார்த்தும் அதே பேச்சு.

வியாழன் மத்தியானம், தோல்வியை ஒப்புக்கொள்ளும் அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். நாலு வரிக்கு மேல் நகரவில்லை. ஸ்டோர்க்காரர் தலையை நீட்டினார்.

"மேடம், அந்தக் கெட்டிப் பால் மிச்சம் இருக்கா? டீ போட்டா அருமையா இருக்கும்."

"எந்தக் கெட்டிப் பால்?"

"நேத்து வழக்கமான பால் பத்தலை. பன்னண்டு குப்பிக்குக் கெட்டிப் பால்தான் கிடைச்சுது. உங்களுக்குத் தெரியணுமேன்னு 'கெ' போட்டு வச்சேனே!"

"ஐயோ அண்ணா, 'கெ'ன்னா கெட்டுப்போனது!"

"என்கிட்ட யாரு சொன்னா?" என்றவர் குப்பிகளைப் பார்த்து, "அடடா, நல்ல பாலுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேனா!" என்றார்.

அவள் பால் வாங்கிய ரசீதை எடுத்து ஒப்பிட்டாள். பன்னிரண்டும் புதன் காலையில் வந்த புதுப்பால். தகடு சொன்னதுதான் சரி. எழுதிய நாலு வரியையும் அழித்தாள்.

குழுவிடம் இந்தக் கூத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர்கள் சிரித்துவிட்டு, தாங்களே கொண்டுவந்த பாலை வைத்துக் காட்டச் சொன்னார்கள். தகடு தேறியது.

இப்போது அது மூன்று பால் லாரிகளில் சோதனையில் இருக்கிறது. வெயில் ஏறினால் கொஞ்சம் தடுமாறுகிறது. திட்டத்துக்குக் குழு இன்னும் இரண்டு வருடம் கொடுத்திருக்கிறது.