நூலால் அளந்த பம்பாய்

பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள் நான். தூரக் கணக்கில் என்னை ஒருத்தரும் அசைக்க முடியாது என்று மிதப்பாகத் திரிந்தேன். அந்த மிதப்பு என் கல்யாணத்தன்றுதான் இறங்கியது.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. கல்யாணம் செவ்வாய்க்கிழமை, சாந்தோம் கோவிலில். மறுநாள் தவக்காலம் பிறக்கிறது. அப்புறம் ஈஸ்டர் கழியும்வரை எங்கள் கத்தோலிக்கரில் கல்யாணம் கிடையாது. அதற்குள் அவரைக் கடல் தாண்டி ஏடனுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. லீவோ திங்கட்கிழமைதான் கிடைத்தது. ரயில் ஏறினால் புதன்கிழமைதான் வந்து சேருவார். ‘செவ்வாய் காலை ஆறரை விமானத்தில் வருகிறேன்’ என்று தந்தி கொடுத்துவிட்டார்.

அம்மா கையைப் பிசைந்தாள். நான் அட்லஸை விரித்து, தையல் நூலைப் பம்பாய்க்கும் சென்னைக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். அறுநூற்று நாற்பது மைல் சொச்சம். “நாலே மணி நேரம்மா. பத்தரைக்கு மீனம்பாக்கத்துல இறங்கிடுவாரு, பதினொண்ணுக்குக் கோவில்ல இருப்பாரு” என்று அடித்துச் சொன்னேன்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. அந்தக் காலத்தில் பூசையில் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்க வேண்டுமானால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. பூசையும் பகல் ஒரு மணிக்குள் தொடங்கியாக வேண்டும். கோவிலை ஒட்டிய அறையில் பட்டுச் சேலையும் முக்காடுமாக உட்கார்ந்திருந்த எனக்குத் தலை சுற்றியது. பூசை வைக்கும் சாமியார் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி போனார். அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, என் மேலேயே.

பன்னிரண்டே முக்காலுக்கு டாக்ஸி வந்து நின்றது. முதலில் இறங்கியவன், மாப்பிள்ளையை அழைத்துவரப் போயிருந்த என் அண்ணன்.

“இன்னா டீச்சரம்மா, ஐதராபாத்துல இறங்கி, எண்ணெய் ஊத்திக்கினு, சாவகாசமா வர்றாங்க. உன் கணக்குல ஐதராபாத்தே இல்லியா?”

விமானம் வழியில் இறங்கும் என்பது இந்தப் பூகோள டீச்சருக்குத் தோன்றவே இல்லை. பின்னால் அவர் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது, கால் தரையில் நிலைக்கவில்லை.

“வழியில ஏதாவது சாப்பிட்டீரா?” என்றார் சாமியார்.

“இல்ல சாமி.”

தாலி ஏறியது. பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் கோட்டுப் பையிலிருந்து நசுங்கிய காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே முட்டை வைத்த இரண்டு ரொட்டித் துண்டு.

“பிளேன்ல எல்லாருக்கும் குடுத்தாங்க. நீயும் பட்டினியாத்தானே கிடப்பேன்னு எடுத்து வெச்சேன்” என்றார்.

வானத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷன் என் பசியை நினைத்திருக்கிறார். வீட்டில் பிரியாணி தயாராக இருந்தது, ஊரே காத்திருந்தது. நாங்கள் கோவில் வாசலில் நின்று அந்த ரொட்டியைத் தின்றோம். பெரிய துண்டை நான் எடுத்துக்கொண்டேன்.