அண்ணன் வீட்டு டி.வி.யில் நான் ஓடினேன்

போன வாரம் ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு... வலது கணுக்காலில் மாவுக்கட்டு. எழுதுவதற்குக் கால் எதற்கு என்பீர்கள். எரிச்சலில் இருக்கிறவள் எழுதினால் அது பத்தியாக இருக்காது, வசவாக இருக்கும். அதனால் ஒரு வாரம் ஆறப் போட்டேன். ஆறவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். பாளையங்கோட்டையில் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தைச் சுற்றி நடந்தேன். நடந்து சலித்து ஒரு நாள் கொஞ்சம் ஓடிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மறுநாளும் ஓடினேன். அப்படியே தொற்றிக்கொண்டது. ஊரில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் என்று போஸ்டர் ஒட்டினார்கள். ஆற்றங்கரையில் தொடங்கி, பாளையங்கோட்டைக்குள் ஒரு சுற்று வந்து, மறுபடியும் ஆற்றங்கரைக்கே போய் முடிகிற ஓட்டம். யாரிடமும் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது, "இந்த வயசுல முடியுமா?" என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் என் அண்ணன் கேட்டது வேறு.

"ஏட்டி, ஞாயித்துக்கிழமையா? ஓய்வு நாள்ல ஓட்டமா? அப்போ கோயிலுக்கு?"

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். அண்ணன் சபைக் கமிட்டியில் இருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தாலே அவருக்கு முகம் சுண்டிவிடும்.

"ரெண்டாம் ஆராதனைக்கு வந்திருவேன் அண்ணே. காலையிலேயே முடிஞ்சிரும். நம்ம கோயில் வழியாத்தான் ஓடி வருவேன். உங்க தெருமுனைதான? நீங்க எல்லாரும் அங்கன வந்து நில்லுங்க, போதும்."

இதுதான் நான் கேட்டது. ஐந்து நிமிடம் தெருமுனையில் வந்து நிற்க வேண்டும். நான் கடக்கும்போது என் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பெரிய ஆசையா இது? எனக்குப் பெரிய ஆசைதான். அண்ணனின் பணி ஓய்வு விழாவுக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவள் நான். வீட்டுக்காரர் பாடகர் குழுவில் பாடிய போட்டிகளுக்கெல்லாம் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோடு போயிருக்கிறேன். மகளுடைய பள்ளி விழா, அண்ணன் மகனின் ஸ்போர்ட்ஸ் டே... அடுத்தவர்களுக்காகத் தட்டித் தட்டியே என் கை காய்த்துப் போயிருக்கிறது. மற்றவர்கள் வந்து பார்ப்பதற்கு என்று நான் ஏதாவது செய்தது இதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில்தான் அந்த வாட்ச் உள்ளே வருகிறது.

பெங்களூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் வாட்ச். அதில் ஒரு ஆப். நான் ஓட ஆரம்பித்ததும் ஒரு லிங்க் போகும். அதைத் திறந்தால், நான் எங்கே ஓடுகிறேன் என்பது வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், இதயம் எத்தனை தடவை துடிக்கிறது, எல்லாம் தெரியும். பார்க்கிறவர்கள் கைதட்டும் பொம்மையை அழுத்தினால் என் மணிக்கட்டில் வாட்ச் அதிரும். எழுதியும் அனுப்பலாம்.

மகள் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்து, குடும்ப வாட்ஸப் குரூப்பில் லிங்கைப் போடச் சொன்னாள். போட்டேன். அதைவிடப் பெரிய மடத்தனம் நான் செய்ததில்லை.

"அப்பம் சோலி முடிஞ்சிது" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "விடியக்காலம் கொசுக்கடியில நின்னு நீ வருதியா வருதியான்னு பாக்கதுக்கு, இதுல ஜம்முன்னு பாத்திரலாம்லா!"

அண்ணன் வீட்டு ஹாலில் பெரிய டி.வி. இருக்கிறது. அதில் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அண்ணன் மனைவி, எங்கள் மைனி, இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் ஏற்பாடு செய்தார். வீட்டுக்காரர் என்னை ஆற்றங்கரையில் இறக்கிவிட்டுவிட்டு நேரே அங்கே போய்விட்டார். அந்த ஹாலுக்கும் தெருமுனைக்கும் நடுவே நாலு வீடு. இதை மறந்துவிடாதீர்கள்... நாலே நாலு வீடு.

ஓட்டம் தொடங்கியது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கும் பிடித்திருந்தது. மணிக்கட்டு அடிக்கடி அதிர்ந்தது. கைதட்டு, கைதட்டு, மறுபடி கைதட்டு. தாமிரபரணிக் காற்று முகத்தில் அடிக்க, நம் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் கொஞ்சம் கூடுதலாகவே காலை வீசிப் போட்டேன். பெரும்பாலானவர்கள் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். போகட்டும்.

எங்கள் கோயில் கோபுரம் தெரிந்தது. அடுத்தது அண்ணன் வீட்டுத் தெருமுனை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. டி.வி.யில் பார்க்கிறோம் என்று சொன்னாலும் கடைசி நேரத்தில் ஒருவராவது எழுந்து வர மாட்டார்களா? நாலு வீடுதானே? மைனியாவது கரண்டியும் கையுமாக வந்து நிற்க மாட்டாரா?

தெருமுனையில் யாரும் இல்லை. ஒருவேளை இப்போதுதான் நடந்து வருகிறார்களோ என்று கழுத்தைத் திருப்பித் தெருவுக்குள் எட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டே பார்த்தேன். கேபிள் போடத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த பள்ளத்தில் கால் இறங்கியது. மடக்கென்று நான் கேட்ட சத்தம் என் எலும்புடையது என்று அப்போது தெரியாது.

கோயில் காம்பவுண்ட் சுவரோரம், தரையில் உட்கார்ந்துவிட்டேன். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. பின்னால் வந்த ஒரு இளைஞர், தன் வாட்ச்சைப் பார்த்தபடியே, "ஓகேவா ஆன்ட்டி?" என்றார். வெட்கத்தில் "ஓகே" என்றேன். அவர் போய்விட்டார். அவருக்கும் யாரோ எங்கேயோ கைதட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இடுப்புப் பையில் போன் இருந்ததே, நீ ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? அவர்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! புள்ளி நின்றுவிட்டது. நின்றது அவர்கள் தெருமுனையிலேயே. செருப்பை மாட்டுகிற நேரம்தான், ஓடி வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மணிக்கட்டு அதிர்ந்தது. கைதட்டு. இன்னொரு கைதட்டு. அப்புறம் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி: "நல்ல முடிவு எடுத்த. கர்த்தர் பெரியவர்."

வலியில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. விழுந்தது நல்ல முடிவா? காம்பவுண்டுக்குள்ளிருந்து முதல் ஆராதனைப் பாட்டு கேட்டது. அப்போதுதான் உறைத்தது. என் நீலப் புள்ளி கோயில் வாசலில் நிற்கிறது. ஓட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு நான் ஆராதனைக்குப் போய்விட்டேன் என்று நினைத்துவிட்டார்கள்!

அந்த ஹாலில் என்ன நடந்தது என்பதை மைனி பிறகு வெள்ளந்தியாகச் சொன்னார்.

"உன் புள்ளி கோயில்ல நின்னதும் உங்க அண்ணனுக்குக் கண்ணே கலங்கிட்டு. கொஞ்ச நேரத்துல உன் நெஞ்சுத் துடிப்பும் பைய இறங்குது. பாத்தீங்களா, உள்ள போய் உக்காந்ததும் சமாதானம் வந்துட்டுன்னு நான்தான் சொன்னேன்."

"ஒரு போன் போட்டுப் பாத்திருக்கலாம்லா மைனி?"

"நல்ல கதையா இருக்கே! ஆராதனை நேரத்துல போன் அடிச்சா மத்தவங்க என்ன நினைப்பாவ?"

வியர்வை வழிய, நெஞ்சில் நம்பர் குத்திய பனியனோடு, டிராக் பேன்ட்டில் நான் நற்கருணைக்குப் போய் நிற்பேன் என்று நம்பியிருக்கிறார்கள். என்னை இத்தனை வருஷமாகத் தெரிந்தவர்கள்! ஒருவருக்குக்கூட விழுந்துவிட்டாளோ என்று தோன்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

கடைசியில் அந்தச் சுவரோரம் எனக்காக நின்றது ஓர் ஆட்டோ. மேலப்பாளையத்துக்காரர், காதர் என்று பெயர். சவாரி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, கால் இப்படி வீங்கிருக்கு? கூட யாரும் வரலியா?"

"இருக்காங்க. பாத்துக்கிட்டுதான் இருக்காங்க."

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "எங்கனக்கா?"

நாலு வீடு தள்ளித்தான் என்று கையைக் காட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கைத்தாங்கலாகத் தூக்கி ஏற்றினார்.

வாட்ச்சை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆட்டோ கிளம்பியதும் நீலப் புள்ளியும் கிளம்பிவிட்டது. ஆட்டோ வேகத்தில்! மணிக்கட்டு அதிர்ந்த அதிர்வில் கையே மரத்துப்போனது. அண்ணன் எழுதினார்: "ஜெபித்தவளுக்குப் புது பெலன்." ஐம்பத்து மூன்று வயதுப் பெண் ஆட்டோ வேகத்தில் ஓடுகிறாள், பாதையை விட்டு வேறு பக்கம் போகிறாள். அந்த ஹாலில் இரண்டு பட்டதாரிகள் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்கள் போல.

ஆஸ்பத்திரியில், கூட யார் என்று கேட்டார்கள். நான் பேசினால் அழுதுவிடுவேன் என்று போனைக் காதரிடம் கொடுத்தேன். அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

"ஏட்டி, ஓடுத நேரத்துல எதுக்குப் போன் பண்ணுத? அருமையா போய்க்கிட்டிருக்க. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம், நீ ஓடு ஓடு!"

வைத்துவிட்டார். காதர் என் முகத்தைப் பார்க்காமல் மறுபடி எண்ணை அழுத்தினார். இந்தத் தடவை, "அண்ணாச்சி, வச்சிராதீய" என்றுதான் தொடங்கினார்.

வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். எக்ஸ்ரே எடுத்துக் கட்டுப்போட்ட என்னைப் பார்த்து அண்ணன் கேட்டார், "அப்போ நீ கோயிலுக்குள்ள போவலியா?" அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றம். என் கால் உடைந்ததற்கான ஏமாற்றம் அல்ல அது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சரி, இவ்வளவு நடந்த பிறகு திருந்தியிருப்பார்கள் என்று நினைப்பீர்களே?

இந்த வாரம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். இரண்டு குடும்பமும் போக வேண்டும். நான் கட்டிலில் கிடக்கிறேன். யார் கூட இருப்பது? வீட்டுக்காரர் வாட்ச்சைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதைக் கட்டிக்க. உன் நாடித் துடிப்பு எங்களுக்கு வந்துக்கிட்டே இருக்கும். அங்கன இருந்தே பாத்துக்கிடுதோம்."

கட்டிக்கொண்டேன். போனார்கள். மத்தியானம் தாகம் எடுத்தது. தண்ணீர் சாப்பாட்டு மேசையில் இருந்தது. கட்டில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒற்றைக் காலில், சுவரைப் பிடித்து, மூச்சு வாங்க வாங்கப் பாதித் தூரம் போயிருப்பேன். மணிக்கட்டு அதிர்ந்தது. கல்யாண வீட்டிலிருந்து வீட்டுக்காரர்: "என்ன, துடிப்பு ஏறுது? அதுக்குள்ள ஓட ஆரம்பிச்சிட்டியா?" கூடவே சிரிக்கும் பொம்மை. அதைத் தொடர்ந்து மைனியின் கைதட்டு.

தண்ணீரைக் குடித்தேன். வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்தேன். திரும்பி வந்து படுத்தேன்.

உடனே போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. வீட்டுக்காரர், அண்ணன், மைனி, மறுபடி அண்ணன்... நான் எடுக்கவில்லை. குரூரம்தான், தெரியும். ஆனாலும் எடுக்கவில்லை. துடிப்பு தெரிந்தவரை என்னைப் பார்த்தவர்கள், துடிப்பு தெரியாமல் போனதும் என்னைத் தேடினார்கள். அந்த வித்தியாசத்தை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் வாசலில் கார் கிரீச்சிட்டு நின்றது. எங்கள் வீடு மாடியில். படிக்கட்டில் தடதடவென்று காலடிகள். கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் நுழைந்தது அண்ணன். பட்டு வேட்டியை மடித்துக் கையில் பிடித்திருந்தார். கையில் பிரியாணி காய்ந்திருந்தது. மூச்சு இரைத்தது.

என் அண்ணன் ஓடி நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

படுத்தபடியே கைதட்டினேன்.